பேட்டரி தீர்ந்த வண்டிக்கு யார் பொறுப்பு?

நல்லம்பள்ளியில் எனக்குச் சின்ன இன்ஜின் பழுது பார்க்கும் கடை. மருந்தடிக்கும் ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் செயின்சா, இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. வியாழக்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுச் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவேன். கையில் கிரீஸும் நெற்றியில் திருநீறுமாக இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. கடை வேலைக்கும் வகுப்புப் பாடத்துக்கும் முடிச்சுப் போடலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அந்த ரிமோட் கார் வரும் வரைக்கும்.

பொம்மைக் கார் என்றால் கொண்டுவந்த பையனுக்குக் கோபம் வருகிறது. அவன் கோபமும் நியாயம்தான். நிஜக் காரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, பத்துக் கிலோவுக்கு மேல் எடை, பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து ஊற்றி ஓட்டும் 26 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். நான் தினமும் பிரித்துப் பூட்டும் புல் வெட்டும் மிஷின் இன்ஜினுக்கு அது பங்காளி முறை. பையனுக்குப் பெங்களூரில் வேலை, லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான். காரை யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். தண்ணீர் வற்றிய ஏரிக்குள் ஓட்டிக்கொண்டிருந்தபோது வண்டி முழு ஆக்ஸிலேட்டரில் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. பிரேக் அழுத்தினான், ஸ்டீயரிங் திருப்பினான், எதற்கும் அடங்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை ஒட்டிப் பறந்து, வேலிக்காத்தான் புதருக்குள் சொருகி, அங்கேயும் சக்கரம் சுற்றியபடி கத்திக்கொண்டே கிடந்ததாம். இன்ஜினில் இருக்கும் அணைக்கிற பட்டனுக்கு முள்ளுக்குள் கை எட்டவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி ஏர் ஃபில்டரை அடைத்த பிறகுதான் மூச்சு முட்டி நின்றிருக்கிறது.

"மாமா, கார்புரேட்டர் கோளாறான்னு பாருங்க" என்றான்.

கூட வந்த அவன் பாட்டி விடவில்லை. "கோளாறு கெடக்கட்டும். முனியப்பன் குறுக்க நின்னான், இல்லேன்னா அந்தப் பொம்பளை காலு போயிருக்கும். மொதல்ல போயி ஒரு தேங்காய ஒடைடா."

பாட்டி பேச்சு என்று தள்ளிவிட முடியவில்லை. நிறுத்தியது முனியப்பன் என்றால், அதுவரை ஓட்டியது யார்? அவனன்றி ஓரணுவும் அசையாது என்று வாராவாரம் தலையாட்டிக்கொண்டு வருகிறோமே, கட்டளை போய்ச் சேராத அந்த நேரத்தில் அந்த வண்டி எவன் கட்டளைக்கு ஓடியது?

முதலில் வண்டியைப் பார்ப்போம் என்று எடுத்து வைத்தேன். இப்படிப் பிய்த்துக்கொண்டு போகும் வண்டியில் முதலில் பிரித்தறிய வேண்டியது, குற்றம் கட்டளையிலா இன்ஜினிலா என்பது. சக்கரம் நாலும் தரையில் படாமல் ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ரிமோட் கட்டளைக்கு ஏற்ப அசையும் சர்வோ மோட்டாரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ண வேண்டும். அப்போதும் கத்தினால் நோய் இன்ஜினில் இருக்கிறது. கார்புரேட்டருக்குக் கீழே உள்ள பேக்கிங் கிழிந்து திருட்டுக் காற்று உள்ளே போகலாம், பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சியிருக்கலாம், காற்றை மூடித் திறக்கும் பட்டர்ஃப்ளை தட்டில் மண் ஏறிச் சிக்கியிருக்கலாம். கம்பியைக் கழற்றியதும் சாதுவாக ஐடிலுக்கு இறங்கினால் இன்ஜின் மேல் பழி இல்லை. இது சாதுவாக இறங்கியது.

அடுத்தது ரேடியோ. ரிமோட்டில் குறை இல்லை. காருக்குள் ரிசீவருக்கென்று தனியாக ஆறு வோல்ட் பேட்டரி இருக்கிறது. மீட்டரில் சும்மா வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் காட்டியது. ஸ்டீயரிங்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒரே நேரத்தில் அசைத்தபோது வோல்ட் தொப்பென்று விழுந்து ரிசீவர் செத்துப்போனது. சர்வோ எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே விறைத்து நின்றது. அது நின்ற இடம் முக்கால் ஆக்ஸிலேட்டர்.

"ஃபெயில்-சேஃப் போட்டுத்தான் வெச்சிருக்கேன் மாமா" என்றான் பையன். போட்டிருந்தான், உண்மைதான். ரிமோட்டிலிருந்து சிக்னல் வராவிட்டால் பிரேக் பிடித்துவிடு என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கும் ஏற்பாடு அது.

"சிக்னல் போனா அது புடிக்கும்டா தம்பி. பேட்டரியே போனா அதை யாரு புடிப்பா?"

இதற்குத்தான் அந்தக் கம்பியில் ஒரு ஸ்பிரிங் மாட்டுவார்கள். கார்புரேட்டருக்குள்ளேயே சின்ன ஸ்பிரிங் ஒன்று உண்டு, ஆனால் செத்த சர்வோவின் பல்சக்கரங்களை இழுத்துத் திருப்ப அதற்குத் தெம்பு பற்றாது. வெளியே மாட்டும் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்க வேண்டும். கரண்ட் வேண்டாம், சிக்னல் வேண்டாம், புத்தியும் வேண்டாம். பிடித்திருக்கும் கை விட்டதும் மூடு என்ற ஒரே வேலை அதற்கு. இந்தக் காரில் ஸ்பிரிங் மாட்டும் ஓட்டை இருந்தது, ஸ்பிரிங் இல்லை. முன்னால் வைத்திருந்தவர் கழற்றியிருக்க வேண்டும். ஏன் கழற்றுவார்கள் என்பது தெரிந்த கதைதான். ஸ்பிரிங் இருந்தால் ஒவ்வொரு முறை ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும் சர்வோ அதை எதிர்த்து இழுக்க வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். கழற்றிவிட்டால் வண்டி பூப்போல ஓடும். பேட்டரி உள்ளவரை ஒரு குறையும் தெரியாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்த வண்டியில் ஆக்ஸிலேட்டருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று இரண்டு சர்வோ கிடையாது. ஒரே சர்வோதான். இந்தப் பக்கம் சாய்ந்தால் ஆக்ஸிலேட்டர், அந்தப் பக்கம் சாய்ந்தால் பிரேக். ஓடு என்பதும் நில் என்பதும் ஒரே கையின் வேலை, அந்தக் கைக்கும் ஒரே பேட்டரி. நம் மனசுக்கும் இதுதான் அமைப்பு. ஆசைப்படும் மனசும் போதும் என்று சொல்லும் மனசும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தூக்கம் கெட்ட ராத்திரியில், கடன்காரன் வாசலில் நிற்கும் நேரத்தில், நாலு பேர் பார்க்க அவமானப்பட்ட நிமிஷத்தில் அந்த மனசு விறைத்துப்போய் நிற்கிறது. கடைசியாக எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே நிற்கிறது.

சாங்கிய காரிகையில் ஒரு குயவன் சக்கரம் வரும். கோலை எடுத்த பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பதுபோல, ஞானம் வந்த பிறகும் உடம்பு பழைய வேகத்தில் கொஞ்ச காலம் ஓடும் என்பதற்குச் சொன்னது. அத்வைதிகளும் பிராரப்த வினைக்கு இதையே எடுத்தாள்கிறார்கள். ஞானிக்கு அது பொருந்தலாம். குயவன் சக்கரம் போகப்போகத் தானாக ஓய்ந்துவிடும். பெட்ரோல் இன்ஜின் ஓயாது, டேங்க் காலியாகும்வரை ஓடும். சில ரேடியோக்களில் 'ஹோல்டு' என்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது, சிக்னல் அறுந்தால் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொள்வது. ரிமோட் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு நொடி நேரச் சிக்னல் வெட்டில் அது உதவும். தரையில் ஓடும் வண்டிக்கு அது எமன்.

வியாழக்கிழமை வகுப்பில் இதைப் போட்டு உடைத்தேன். எங்களோடு படிக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உடனே கணக்கை முடித்துவிட்டார்: ரிமோட் பிடித்திருப்பவன் பதி என்ற இறைவன், கார் பசு என்ற ஆன்மா, முள்ளும் மண்ணும் பாசம் என்ற கட்டு, சிக்னல் அறுந்ததுகூட இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றான மறைத்தல்தான் என்றார். கேட்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு ஒப்பவில்லை. ஏரிக்கரையில் நிற்கும் பையனுக்கு இருநூறு முந்நூறு மீட்டருக்கு மேல் எட்டாது, ஈசனுக்கு எட்டாத தூரம் ஏது? காருக்கு என்ன விருப்பம் இருக்கிறது, அதற்கு வினை ஏறுவதற்கு? ஆன்மா எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது மெய்கண்டார் வழியில் அடிப்படைப் பாடம். சார்வதற்கு ஓர் அறிவு வேண்டும். இந்தக் கார் எதையும் சாராது. ஆகவே காரைப் பசு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தக் கணக்கில் பொறுப்பு முழுவதும் மேலே போய்விடுகிறது, ஸ்பிரிங்கைக் கழற்றியவன் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறான்.

கடோபநிஷத்தின் தேரைச் சொன்னார் வேறொருவர். உடம்பு தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி, தேரில் அமர்ந்திருப்பவன் ஆன்மா. இது கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் தேர் கவிழ்ந்தால் சாரதியும் சேர்ந்துதான் விழுவான். ரிமோட் காரில் ஓட்டுகிறவன் கரையில் பத்திரமாக நிற்கிறான், அடிபடப் போவது ஆடு மேய்க்கும் பெண்மணி. இந்தக் காலத்துப் பாவங்களில் பாதி இப்படித்தான், செய்கிறவன் வண்டியில் இருப்பதில்லை.

எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது வேறு தேர். பாரதப் போர் முடிந்ததும் கண்ணன் அர்ச்சுனனை முதலில் இறங்கச் சொல்கிறான். அவன் இறங்கிய பிறகு தான் இறங்குகிறான். கொடியிலிருந்த அனுமனும் போய்விட, தேர் பற்றி எரிந்து சாம்பலாகிறது. துரோணரும் கர்ணனும் விட்ட அஸ்திரங்கள் எப்போதோ அந்தத் தேரை எரித்து முடித்துவிட்டன, கண்ணன் அமர்ந்திருந்ததால் மட்டுமே அது தேராக ஓடிக்கொண்டிருந்தது. காக்கிறவன் கடைசியில் இறங்க வேண்டும் என்பதைப் பையனுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்: ரிமோட்டை முதலில் ஆன் பண்ணு, கடைசியில் ஆஃப் பண்ணு. மாற்றிச் செய்தால் கட்டளை இல்லாத வண்டி உன் கையில் இருக்கும். சிரித்தான். மறக்க மாட்டான்.

இவ்வளவு பேச்சும் எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு ரிமோட் காரோடு நின்றுவிடாது. நல்லம்பள்ளி தாலுகாவில்தான் தொப்பூர் இருக்கிறது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் கணவாய். 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி வரிசையாகக் கார்களை நொறுக்கியதில் நாலு பேர் போனார்கள். 2024 ஜனவரி 24-ஆம் தேதி இரட்டைப் பாலத்தின் மேல் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்ததில் இன்னும் நாலு பேர். செய்தியில் வராத சின்ன விபத்துகள் தனி.

வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் என்று அந்த டிரைவர்களைச் சொல்ல மாட்டேன். பாரம் ஏற்றிய லாரி சரிவில் இறங்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு பிரேக்குடையது இல்லை, கியரில் கிடக்கும் இன்ஜினுடையது. கொஞ்சம் டீசல் மிச்சமாகுமே என்று நியூட்ரலில் தள்ளிவிட்டால் வண்டி பூப்போல இறங்கும். இன்ஜினையே அணைத்துவிட்டால் காற்றுப் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரும் நின்றுபோகிறது. ஒவ்வொரு மிதியிலும் டேங்கில் இருக்கும் காற்று குறைகிறது, ஸ்டீயரிங் கல்லாகிறது, டிரம் சூடேறிப் புகைகிறது. ஸ்பிரிங்கைக் கழற்றிப் பேட்டரி மிச்சம் பிடித்தவர் செய்ததும் இதுவேதான். தடுத்துக்கொண்டே இருக்கும் ஒன்று எப்போதும் கொஞ்சம் செலவு வைக்கும். அந்தச் செலவுதான் முதலில் நம் கண்ணை உறுத்தும்.

ரயில்காரர்கள் இதை ரொம்ப முன்பே யோசித்துவிட்டார்கள். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் செய்த முதல் காற்றுப் பிரேக்கில் இன்ஜினிலிருந்து காற்று வந்தால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கும் இல்லை. 1872-ல் அவரே அதைத் தலைகீழாகத் திருப்பினார். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும், காற்று போனால் ஒவ்வொரு பெட்டியும் தானே பிடித்துக்கொள்ளும். இன்றைய பெரிய லாரிகளிலும் பின்சக்கரத்தில் காற்றால் அமுக்கி வைத்த ஸ்பிரிங் உண்டு, காற்று தீர்ந்தால் அது விரிந்து பிடிக்கும். அப்படியும் தொப்பூரில் ஏன் நிற்பதில்லை? அந்த ஸ்பிரிங்கும் அழுத்துவது அதே டிரம்மைத்தான், அது ஏற்கெனவே வெந்துபோயிருக்கிறது. கடைசி நேரத்துக்கென்று வைத்திருப்பது கடைசி நேரத்தில் மட்டும் வேலை செய்யும் என்று நம்பினால் இந்தக் கதிதான்.

கிரேக்கத்து அரிஸ்டாட்டில், குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை கொடுத்த சட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அடித்தபோது அவனுக்குச் சுயநினைவு இல்லை என்று வாதாடலாம், குடிக்காமல் இருந்திருக்கலாம் அல்லவா? பொறுப்பைத் தேட வேண்டிய நேரம் விபத்து நேரம் இல்லை என்கிறார். எனக்கு இதில் முழு உடன்பாடு. ஏரிக்குள் வண்டி பறந்த அந்த அரை நிமிஷத்தில் பையன் செய்திருக்கக்கூடியது ஒன்றுமே இல்லை. செய்ய வேண்டிய நேரம் அதற்கு முன்னால், வண்டியை வாங்கி வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாலு படி. சரியை என்பது கோயிலைக் கூட்டுவது, பூப் பறிப்பது, விளக்கு ஏற்றுவது, அடியாருக்குச் சோறு போடுவது. உழவாரப்படை எடுத்துப் புல் செதுக்கிய அப்பர் அதற்கு உதாரணம். புத்தகம் படித்தவர்கள் இதைத் தொடக்கப் பள்ளிப் பாடம்போலத் தாண்டிப் போகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஞானம் பேட்டரியில் ஓடுவது. தலை தெளிவாக இருக்கும்வரை அது ஃபெயில்-சேஃப். சரியை கை காலில் மாட்டும் ஸ்பிரிங்.

என் அம்மாவுக்குக் கடைசி வருஷங்களில் நினைவு போய்விட்டது. என்னைத் தன் தம்பி என்பார், சில நாள் யாரோ என்பார். ஆனால் களியோ சோறோ எது தட்டில் வந்தாலும் முதல் உருண்டையை எடுத்துச் சுவர் மேல் காக்கைக்கு வைத்த பிறகுதான் வாய்க்குக் கை போகும். காக்கை எது, ஏன் வைக்கிறோம் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. தெரிந்து வைத்த காலம் அதற்கு அறுபது வருஷம் முன்பு.

இதற்குத் தலைமையாசிரியர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "தெரியாம செய்யிறதுக்குப் புண்ணியம் உண்டுங்களா? ஸ்பிரிங்குக்கு முக்தி குடுப்பீங்களா?" கொடுக்க மாட்டேன். ஸ்பிரிங்குக்கு வண்டியைத் திருப்பத் தெரியாது. எதிரில் பெண்மணி நிற்கிறாரா முள் நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது, மூட மட்டும்தான் தெரியும். திருப்புவதற்கு ஞானம்தான் வேண்டும். ஆனால் ஞானம் இல்லாமல் போகும் ஒரு நாழிகை எல்லோருக்கும் உண்டு. அந்த நாழிகையில் நாம் அடுத்தவர் மேல் ஏறாமல் இருக்க வேண்டுமே, அதுதான் என் கவலை. புண்ணியம், மாட்டியவனுக்கும் கழற்றாமல் விட்டவனுக்கும்.

மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருப்பவர்களைக் கேலி செய்யும் வழக்கம் சிலருக்கு இருக்கிறது, கழற்றிய அன்றைக்கே பழைய கதை என்று. கேலி வேண்டாம். சிக்னலை நம்பிய ஏற்பாடு அது, மாலை என்ற சிக்னல் இருக்கும்வரை வேலை செய்கிறது. அந்த 48 நாளில் ஏதாவது ஒன்று, விடியலில் எழுவதோ, தரையில் படுப்பதோ, எதிரில் வருபவரைச் சாமி என்று கூப்பிடுவதோ, கழற்றிய பிறகும் உடம்பில் மிஞ்சினால் அவருக்கு ஒரு ஸ்பிரிங் கிடைத்துவிட்டது.

பாட்டியின் பேச்சுக்கு வருகிறேன். முனியப்பன் குறுக்கே நின்றானா? நின்றிருக்கலாம், அதை மறுக்க எனக்கு என்ன தகுதி? பையன் தேங்காயும் உடைத்தான். ஆனால் முனியப்பன் நின்றது அவன் கருணை, அவனை நிற்க வைத்தது நம் அலட்சியம். சாமியை ஸ்பேர் பார்ட்ஸாக உபயோகிக்கக் கூடாது என்று பாட்டியிடமே சொன்னேன். "அது உனக்குத் தெரிஞ்சா சரி, அந்த ஸ்பிரிங்கு என்ன வெல?" என்று கேட்டார். மருந்தடிக்கும் மிஷினில் போடும் ஸ்பிரிங்தான், பழைய டப்பாவில் கிடந்ததை மாட்டினேன், காசு வாங்கவில்லை.

இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு: சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டு, பாதி ஆக்ஸிலேட்டரில் ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். அது முடிந்ததும் மறுபடி பாதி ஆக்ஸிலேட்டர் கொடுத்து, ரிசீவர் பேட்டரி வயரையே உருவிப் பாருங்கள். இரண்டு தடவையும் இன்ஜின் ஐடிலுக்கு இறங்கினால் மட்டும் தரையில் விடுங்கள். லாரி ஓட்டும் தம்பிகளுக்கு: கணவாய் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள், சரிவு முடியும்வரை நியூட்ரல் வேண்டாம், சாவியைத் தொட வேண்டாம்.